நாலாவது பாரா

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் ஆபீசுக்கு ஒரு தாயாரும் மகளும் வந்தார்கள். கேஸ் ஒன்றும் இல்லை. மகள் நம் திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியில் படித்துத் தேறி, பார் கவுன்ஸிலில் பெயரைப் பதிந்துகொண்டு, புதுக் கறுப்புக் கோட்டும் தைத்துக்கொண்டாகிவிட்டது. தாயாருக்குத்தான் மனசு ஆறவில்லை.

"சிவில் பாரு, இல்லைன்னா பாங்கு வேலைக்கு எழுதிப் போடுன்னு சொல்லுதேன், கேக்க மாட்டேங்கா. குடும்பக் கோர்ட்டுக்குத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. ஊரார் வீட்டு அழுகையெல்லாம் இவளுக்கு எதுக்கு அம்மா? நாளைக்கு இவளுக்கே ஒரு மாப்பிள்ளை பாக்க வேண்டாமா?" என்று அந்த அம்மாள் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

பெண் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் இருவருக்கும் காபி வரவழைத்துக் கொடுத்து, "பதிலை எழுதியே தருகிறேன், பேச்சில் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன்" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பதில்தான் இது. அவர்களுக்கு எழுதுவதை உங்களுக்கும் சேர்த்து எழுதினால் என்ன? உங்கள் வீட்டிலும் கறுப்புக் கோட்டு மாட்டிய பெண்ணோ பிள்ளையோ இருக்கலாம். இல்லாவிட்டாலும் பாதகமில்லை. என்றைக்காவது ஒரு நாள் வக்கீல் எழுதிய தாளில் நீங்கள் கையெழுத்துப் போட நேர்ந்தால் உபயோகப்படும். அப்படி நேர வேண்டாம் என்றுதான் நெல்லையப்பரை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் சம்பாத்தியத்தைப் பேசித் தீர்த்துவிடுவோம். தாய்மார்கள் வாய் விட்டுக் கேட்காவிட்டாலும் மனசுக்குள் கேட்பது அதைத்தானே!

நான் 1989-ல் பதிவு செய்துகொண்டேன். அப்போது திருநெல்வேலியில் சட்டக் கல்லூரி கிடையாது. அது 1996-ல்தான் வந்தது. மதுரைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கிப் படித்துவிட்டு வந்தேன். சீனியரிடம் சேர்ந்த முதல் வருஷம் என் மாத வருமானம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? சைபர்! தீபாவளிக்கு ஒரு சேலையும் நூறு ரூபாயும் கிடைத்தன. டவுனிலிருந்து ஜங்ஷன் வழியாகப் பாளையங்கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் போக வேண்டும். நடுவே தாமிரபரணிமேல் சுலோசன முதலியார் பாலம். ஒரு தனி மனிதர் தம் சொந்தப் பணத்தைக் கொட்டிக் கட்டி 1843-ல் ஊருக்குக் கொடுத்த பாலம் அது. மாதக் கடைசியில் பஸ் காசை மிச்சம் பிடிக்க அந்தப் பாலத்தில் நடந்தே போவேன். எதிரில் தெரிந்தவர்கள் வந்தால், ஆற்றுக் காற்று உடம்புக்கு நல்லது என்பேன்.

இன்றைக்கு நிலைமை அவ்வளவு மோசம் இல்லை. ஜூனியர் வக்கீல்களுக்கு மாதம் ஒரு குறைந்தபட்சத் தொகை கொடுத்தாக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொல்லியிருக்கிறது. சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய்; நம்மைப் போன்ற மற்ற ஜில்லாக்களில் 15,000 ரூபாய். அது முழுசாகக் கையில் வந்து சேருகிறதா என்பதை ஜூனியர்களைத்தான் கேட்க வேண்டும். என்னைக் கேட்டால், முதல் மூன்று வருஷம் மகளுக்கு வீட்டுச் சாப்பாடும் பஸ் செலவும் கொடுத்துத் தாங்க முடியும் என்றால் அனுப்புங்கள். முடியாது என்றால் பாங்கு வேலை ஒன்றும் கேவலம் இல்லை.

இனித் தொழிலுக்கு வருகிறேன்.

குடும்பக் கேஸில் கட்சிக்காரி தனியாக வருவது அபூர்வம். அண்ணன் வருவான், சித்தப்பா வருவார், அடுத்த வீட்டு ஓய்வு பெற்ற வாத்தியார் வருவார். நாற்காலியில் அவர்கள் உட்காருவார்கள். அவள் சுவரோரம் நிற்பாள். கதையையும் அவர்களே சொல்வார்கள். புது வக்கீல் அதை அப்படியே எழுதிக்கொள்வாள். அங்கேதான் முதல் சறுக்கல். நான் அவர்களை, "எதிர்க் கடையில் டீ நன்றாக இருக்கும், சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிடுவேன். அவளை உட்காரவைத்து ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "என்ன நடந்தது?" என்று கேட்பதற்கு முன், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்பேன்.

ஒரு தடவை வீரவநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை அண்ணன்மார் இருவர் அழைத்து வந்தார்கள். விவாகரத்து வாங்கிக் கொடுத்தே தீர வேண்டும் என்று அவர்கள் மேஜையைத் தட்டினார்கள். டீக்குப் போனார்கள். அந்தப் பெண் மெல்ல, "எனக்குத் தையல் மெஷினும் பத்தாங்கிளாஸ் சர்ட்டிபிகேட்டும் வேணும் அக்கா. அது ரெண்டும் அந்த வீட்டுல இருக்கு. மத்தத நான் யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள். 2005-ம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், பெண்ணின் உடைமைகளைத் திருப்பிக் கொடு என்று மாஜிஸ்திரேட் உத்தரவிட வழி இருக்கிறது. மெஷின் வந்தது, சர்ட்டிபிகேட் வந்தது. விவாகரத்துக் கேட்டு அவள் இன்றுவரை வரவில்லை. அண்ணன்மாருக்குத்தான் என்மேல் வருத்தம்.

சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். புது வக்கீலுக்குக் கணக்கு வர வேண்டும். ஜீவனாம்சக் கேஸில் பால் கணக்கு, ஸ்கூல் பீஸ், நகை அடகுச் சீட்டு இவைதான் சாட்சி. கண்ணீர் சாட்சி ஆகாது. இன்னொன்று: ஜீவனாம்ச உத்தரவு வாங்கியதோடு கேஸ் முடிந்தது என்று மாலையைப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அவன் பணம் கட்டாவிட்டால், பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் வசூலுக்கு மனுப் போட வேண்டும். பழைய 125-வது பிரிவிலும் அப்படித்தான். 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதுச் சட்டத்தின் 144-வது பிரிவிலும் அப்படித்தான். வருஷம் தாண்டினால் அந்தப் பாக்கிக்கு இந்த வழி அடைபட்டுவிடும். ஆகையால் ஒவ்வொரு கட்சிக்காரிக்கும் ஒரு தினசரிக் காலண்டர் வாங்கிக் கொடுத்துப் பணம் வந்த நாளில் சுழிக்கச் சொல்லுங்கள். அப்புறம், இராத்திரி பதினோரு மணிக்கு டெலிபோனில் அழைத்து அழும் கட்சிக்காரியிடம், "காலையில் வா, பேசுவோம்" என்று சொல்லப் பழக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு.

இதெல்லாம் எந்த சீனியரும் சொல்லிக்கொடுப்பார். நான் சொல்ல வந்தது வேறு.

குடும்பக் கோர்ட்டில் ஒரு விசித்திரம் உண்டு. 1984-ல் பார்லிமெண்ட் குடும்ப நீதிமன்றச் சட்டத்தை இயற்றியபோது வக்கீல்களை வாசற்படியிலேயே நிறுத்திவைத்துவிட்டது. அதன் 13-வது பிரிவின்படி, வக்கீல் வைத்துக்கொள்வது அங்கே கட்சிக்காரரின் உரிமை அல்ல. கோர்ட்டு அனுமதித்தால் உண்டு. 9-வது பிரிவோ, முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று ஜட்ஜுக்கே கடமை விதிக்கிறது. நடைமுறையில் அனுமதி மனுப் போட்டுக்கொண்டு நாங்கள் எல்லோரும் ஆஜராகிக்கொண்டுதான் இருக்கிறோம். இருந்தாலும் சட்டப்படி நாங்கள் அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளிகள். எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம்.

சட்டம் ஏன் எங்களை இப்படிச் சந்தேகிக்கிறது என்று எனக்கு முன்பெல்லாம் ரோஷம் வரும். இப்போது வருவதில்லை. ஏன் என்பதைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட மூன்று பேரிடமும் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். ஊரும் பெயரும் மட்டும் சொல்லமாட்டேன்.

1991. நான் ஜூனியராகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் சீனியரிடம் ஒரு மில் தொழிலாளி வந்தார். மனைவி கோபித்துக்கொண்டு இரண்டு வயதுக் குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போய், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜீவனாம்ச மனுப் போட்டிருந்தாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. இவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் அடி வாங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் விவகாரம். சீனியருக்கு அன்றைக்கு வேறு வேலை. எதிருரை தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. எனக்கு ஒரே பெருமை!

அந்தக் காலத்தில் ஒவ்வொரு வக்கீல் ஆபீசிலும் குமாஸ்தாவின் பீரோவில் ஒரு பழைய கட்டு இருக்கும். ஜீவனாம்ச எதிருரை என்றால் அதிலிருந்து ஒன்றை உருவிப் பெயரையும் ஊரையும் மாற்றி டைப் அடிப்பது வழக்கம். அதில் நாலாவது பாரா எப்போதும் ஒன்றுதான். மனைவி பிறன் ஒருவனோடு ஒழுக்கம் தவறி வாழ்ந்தால் ஜீவனாம்சம் கிடையாது என்று சட்டத்தில் ஒரு விதி இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த விதியைப் பிடித்துக்கொள்வதற்காக, "மனுதாரர் நடத்தை கெட்டவர்" என்று தொடங்கி ஐந்து வரி. உண்மையோ இல்லையோ, போட்டு வைத்தால் பேரம் பேச உதவும் என்பது சம்பிரதாயம். நான் அந்தப் பாராவைக் கொஞ்சம் மெருகேற்றினேன் என்றுகூடச் சொல்ல வேண்டும். தமிழில் எனக்கு நல்ல மார்க்கு.

அவர் வந்தார். கடைசிப் பக்கத்தைக் காட்டி, "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்றேன். "மேலே கண்டவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை" என்ற வரிக்குக் கீழே போட்டார். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று ஓடினார்.

அந்த வழக்கில் பணம் எவ்வளவு தெரியுமா? அன்றைய சட்டத்தில் மனைவிக்கு மாதம் 500 ரூபாய்க்கு மேல் உத்தரவிட முடியாது. அந்த வரம்பை 2001-ல்தான் எடுத்தார்கள். மாஜிஸ்திரேட் 300 ரூபாய் கொடுக்கச் சொன்னார். நாலாவது பாராவைப் பற்றி, "நிரூபிக்கப்படவில்லை" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். சட்டம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. கட்டு மூடியது. நானும் மறந்துவிட்டேன்.

2012-ல் ஒரு நாள் இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி என் ஆபீஸ் வாசலில் நின்றாள். அவள் கல்யாணத்துக்காக ஏதோ சர்ட்டிபிகேட் தேடியபோது அம்மாவின் டிரங்குப் பெட்டி அடியில் இருந்ததாம். மடிப்பு மடிப்பாகக் கிழிந்த தாள். கடைசிப் பக்கத்தில் என் சீனியர் பெயரும் அதன் கீழே என் பெயரும். சீனியர் அதற்குள் காலமாகிவிட்டார். ஆகவே அவள் என்னைத் தேடி வந்திருந்தாள்.

"இதுல எழுதியிருக்கது உண்மையா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அப்படின்னா எங்க அப்பா யாரு?" என்றாள்.

நேயர்களே, இருபத்தோரு வருஷத்துக்கு முன் மெருகேற்றிய அந்த ஐந்து வரி இப்படி ஒரு கேள்வியாக என் மேஜைக்கு வந்து நிற்கும் என்று நான் எண்ணியதே இல்லை. கோபதாபத்தில் மனைவியை வைது எழுதுகிறோம் என்றுதான் நினைக்கிறோம். குழந்தையையும் சேர்த்து எழுதுகிறோம் என்பது யாருக்குத் தோன்றுகிறது?

"இல்லை, அது பொய், நானாக எழுதியது" என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்ல முடியவில்லை. கட்சிக்காரர் எங்களிடம் பேசியதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டம் வாயைக் கட்டிவைத்திருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை என்று நான் சொன்னாலும் அதுவும் அவர் பேச்சை வெளியிட்டதாகத்தானே ஆகும்? "ஒரு வாரம் கொடு அம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விட்டுவிடுகிறேன்.

மறுநாள் காலை அவரைத் தேடிப் போனேன். ஆற்றோரத்து ஊர், பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு அரை மைல் நடந்தால் வீடு. ரிட்டயர் ஆகித் தனியாக இருந்தார். தாயார் காலமாகிவிட்டார்கள். அவர் மறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை அடையாளம் தெரிந்து, "வாங்க வக்கீலம்மா" என்று பாயை உதறிப் போட்டார்.

தாளை எடுத்து நீட்டினேன். "கண்ணு சரியாத் தெரியல, நீங்களே படிங்க" என்றார்.

நானே எழுதியதை அவருக்கு முதல் தடவையாக வாசித்துக் காட்டினேன். நாலாவது பாராவில் என் குரல் கம்மிவிட்டது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது யாரு சொன்னது?"

"உங்கள் கையெழுத்து இருக்கிறது."

"நான் எங்கம்மா வாசிச்சேன்? போடுங்கன்னு சொன்னிய, போட்டேன்." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இத அவ வாசிச்சாளா?" என்றார்.

"அன்றைக்கே காப்பி கொடுத்திருப்பார்கள்."

எழுந்து போய் முற்றத்துக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "கேசு முடிஞ்ச பொறவு ரெண்டு தடவ கூப்பிடப் போனேன் அம்மா. ஒரு தடவ அல்வாவும் பூவும் வாங்கிட்டுப் போனேன். மூஞ்சில கதவச் சாத்துனா. என்ன கோவம் இம்புட்டு நாளைக்கின்னு நெனச்சேன். அவுக அம்மா சொல்லிக் குடுத்திருப்பாகன்னு நெனச்சேன்." பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. வைதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று அங்கேயே ஒரு கடிதம் எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு வார்த்தை என் சொந்தச் சரக்கு இல்லை. தமிழ் மார்க்கெல்லாம் அன்று உபயோகப்படவில்லை. இரண்டு தடவை வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போட்டார். நானும் கீழே, அந்தப் பாராவை எழுதியவள் நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அம்மாள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய தாளுக்கு மேலே வைத்து மூடினார். எனக்கு மோர் கொடுத்தார். சேர்ந்து வாழ்ந்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை. இருபத்தோரு வருஷம் என்ன சின்ன விஷயமா? ஆனால் கல்யாணத்தில் அவர் வந்து தாரை வார்த்துக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு குழந்தைகள். அவள் எனக்கு வருஷா வருஷம் பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இப்படி எழுதுவது தவறு என்று மனசாட்சி மட்டுமல்ல, சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது. 1993-ல் வந்த ஒரு தீர்ப்பில், கணவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மனைவி எதிருரையில் எழுதியதே அவருக்குச் செய்த கொடுமை என்று கொண்டு விவாகரத்துக் கொடுத்தார்கள். 2003-ல் இன்னொரு தீர்ப்பு, இதற்கு நேர் எதிர்ப் பக்கம்: மனைவியின் ஒழுக்கத்தைப் பழித்து எதிருரை போட்ட கணவர் பிறகு திருத்த மனுப் போட்டு அந்த வரிகளை எடுத்துவிட்டார். எடுத்தாலும் எழுதிய கொடுமை அழியாது என்றது கோர்ட்டு. ஆக, கட்சிக்காரரைச் சந்தோஷப்படுத்த வக்கீல் எழுதும் சூடான பாரா, அவரையே சுட்டுவிடும். ஜூனியர்கள் இந்த இரண்டு தீர்ப்புகளையும் தேடிப் படித்துவிட்டுப் பேனாவைத் திறப்பது நல்லது.

காலமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், ஜீவனாம்ச வழக்கில் இரு தரப்பாரும் தங்கள் வரவு, செலவு, சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. இதனால் ஒரு பெரிய நன்மை. முன்பு நடத்தையைப் பற்றி எழுதிப் பக்கத்தை நிரப்பினவர்கள் இப்போது சம்பளத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது! "சும்மா வீட்டில் இருக்கிறாள்" என்பது இன்னொரு பழைய வரி. அதற்கும் பதில் வந்துவிட்டது. மனைவி வீட்டைக் கவனித்துக்கொண்டதால்தான் கணவன் வெளியே சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் அவளுக்குச் சம பாத்தியதை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதே வருஷம் ஆகஸ்டில், பெண்களைப் பற்றிக் கோர்ட்டுத் தாள்களில் எந்தெந்த வார்த்தைகளைத் தவிர்க்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் ஒரு கையேடே போட்டுவிட்டது. குமாஸ்தா பீரோவின் பழைய கட்டு மட்டும் சாகவில்லை. இப்போது அது கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அங்கிருந்து எடுத்து ஒட்டுவது டைப் அடிப்பதைவிடச் சுலபம்.

வயல் வரப்புத் தகராறு என்றால் தீர்ப்புக்குப் பின் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். இங்கே அப்படி முடியாது. குழந்தையின் காதுகுத்து வரும், பரீட்சை வரும், காய்ச்சல் வரும், கல்யாணம் வரும். இரண்டு பேரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியிருக்கும். அதனால் என் ஆபீசில் 2012 முதல் ஒரு வழக்கம். ஜூனியர் எழுதிய எந்த மனுவையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கட்சிக்காரருக்குச் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசம் கிடையாது. காலேஜ் புரொபசருக்கும் வாசித்துக் காட்டுவோம். அவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. இதனால் ஒரு மனுவுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகிறது. அதற்குத் தனி பீஸ் கிடையாது. பக்கத்து ஆபீஸ்காரர், "பாகவதரம்மா ஆபீசில் கதாகாலட்சேபம் ஆரம்பித்தாயிற்று" என்று கேலி செய்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை என் ஜூனியர் ஒரு சின்னப் பெண்ணுக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். கணவன் போட்ட விவாகரத்து மனுவுக்கு எதிருரை. ஏழாவது பாராவில் மாமியாரைப் பற்றி நாலு வரி. அந்தப் பெண்ணே சொன்னதுதான், கூட்டிக் குறைத்து எழுதவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று, "அக்கா, எங்க அத்தையப் பத்தின வரிய எடுத்திருங்க" என்றாள்.

"நீதானே சொன்னே?"

"கோவத்துல சொன்னேன். பிள்ளைக்கு மஞ்சக் காமாலை வந்தப்பம் ராத்திரி பகலா அவுகதான் பாத்தாக."

ஜூனியர் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பென்சிலால் அடித்துவிட்டு அடுத்த பாராவுக்குப் போனாள். பக்கம் மறுபடி அச்சாகி வந்தபோது மணி ஏழாகிவிட்டது. அந்தப் பெண் பாபநாசம் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

ஆகையால் அம்மா, உங்கள் மகளைத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அனுப்பி வையுங்கள். மாப்பிள்ளை பார்ப்பதையும் நிறுத்த வேண்டாம். அது பாட்டுக்கு அது நடக்கட்டும். முதல் மாதம் அவளுக்கு மனு எழுதும் வேலை கிடையாது, வாசிக்கும் வேலைதான். மத்தியானத்துக்குச் சாப்பாடு கட்டிக் கொடுங்கள். ஒரு பாட்டிலில் வெந்நீரும் கொடுத்துவிடுங்கள், தொண்டை கட்டிக்கொள்ளும்.